பிடரிக்கு ஓர் இடம்

என் சாய்வு மிதிவண்டியின் தலைதாங்கியில், நட்டநடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. கடைகளில் விற்கும் தலைதாங்கிகளில் இப்படியொன்றை நான் பார்த்ததில்லை. என் பின்னல் தொடங்கும் இடம் அந்த இடைவெளியில் பொருந்தி உட்கார்கிறது. பின்மண்டையின் மேடு எதிலும் இடிக்காமல் நிற்கிறது. மண்டையும் கழுத்தும் சேருகிற குழிவை இரு பக்கமும் இரண்டு சிறு மெத்தைகள் தாங்குகின்றன. இந்த இடைவெளிக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. இடையில் மூன்று முறை தோற்றேன். ஓர் அலுமினியப் பட்டை விரிசல் விட்டது. கழுத்து வலி தாங்காமல் இவ்வகை வண்டியை விற்றுவிட்ட இரண்டு பேரை எனக்கே தெரியும் என்பதால், செய்ததைச் செய்தபடி விரிவாக எழுதி வைக்கிறேன்.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்கள், சாய்வு நாற்காலி ஒன்றில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, முன்னே நீண்டிருக்கும் குழாயின் முனையிலுள்ள பெடல்களை மிதிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான் வசிக்கும் நெதர்லாந்தில் இதை லிக்ஃபீட்ஸ் என்பார்கள். படுக்கை மிதிவண்டி என்று பொருள். வேகத்தில் ஆசைப்பட்டு நான் இதற்கு மாறவில்லை. ஹெல்மண்டிலிருந்து ஐந்தோவனுக்கு வேலைக்குப் போய் வரும் வழி, கால்வாய்க் கரையோரமாகப் போனால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆறு வருடம் சாதாரண மிதிவண்டியில் போய் வந்ததில் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. கைப்பிடியில் உடல் எடை சாயும்போது உள்ளங்கையின் ஓரமாக ஓடும் நரம்பு அழுந்துவதால் வரும் உபாதை அது. சாய்வு வண்டியில் எடை முழுவதும் முதுகுக்கும் இடுப்புக்கும் போய்விடுவதால், மூன்றே வாரத்தில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது. அந்த நிம்மதி முழுதாக நிலைப்பதற்குள் கழுத்து வலி வந்துவிட்டது.

காரணம் சாய்வின் அளவில் இருக்கிறது. என் இருக்கை தரைமட்டத்திலிருந்து 28 பாகையில் நிற்கிறது. 40 பாகைக்கு மேல் நிமிர்த்தி வைத்து ஓட்டுபவர்களுக்குத் தலைதாங்கி பெரும்பாலும் வேண்டியதில்லை. தலை தோள்களின் மேல் ஓரளவு தானாகவே சமன்பட்டு நிற்கும். 30-க்குக் கீழே போனால் நிலைமை வேறு. மனிதத் தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். குனிந்து ஓட்டுகிறவருக்குப் பிடரித் தசைகள் அந்த எடையைத் தூக்கிப் பிடிக்கின்றன. சாய்ந்து ஓட்டுகிறவருக்கோ, பார்வை சாலையில் இருக்க வேண்டும் என்பதற்காக மோவாயை மார்பை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், காதுக்குப் பின்னாலிருந்து காரை எலும்பு வரை கயிறு போல இறங்கும் தசைகள் அந்த வேலையை ஏற்க வேண்டியிருக்கிறது. நெடுநேரம் அப்படிப் பிடித்து நிற்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. மல்லாந்து படுத்து, தலையணை இல்லாமல் தலையை மட்டும் தூக்கிப் பிடித்தபடி ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். அந்த வலி எங்கே தொடங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வண்டியோடு ஒரு தலைதாங்கியும் வந்தது. செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். 20 சென்டிமீட்டர் அகலம், லேசாக வளைந்த ஒரு தகடு, அதன் மேல் ஒரு விரல் தடிமனுக்கு ஃபோம், பின்னால் மேலும் கீழும் நகர்த்துவதற்கு ஒரு பட்டை. என் உயரத்துக்கு அதை எவ்வளவு தாழ்த்தினாலும் அது பின்மண்டையின் மேட்டில்தான் வந்து முட்டியது. தலைக்கவசம் அணிந்தால் கவசத்தின் பின்விளிம்பு தகட்டில் இடித்து, கவசம் புருவத்தின் மேல் சரிந்து இறங்கியது. தலைக்கவசம் இல்லாத நாளில் பின்னல் முடிச்சு இடித்தது.

இதைவிட நல்லதாக ஒன்றைக் கடையில் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அப்படி வாங்க முடியாமல் இருப்பதற்கு வெகு காலத்துக்கு முந்தைய ஒரு முடிவும் காரணம் என்று நான் நினைக்கிறேன். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில், ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர், ஷார்ல் மோஷே வடிவமைத்த வெலோகார் என்னும் சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் 44.247 கிலோமீட்டர் ஓட்டி நிறுவிய சாதனை அன்று முறிந்தது. உலக மிதிவண்டிச் சங்கமான யு.சி.ஐ. இதை விவாதித்து, பந்தய மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே புதிதாக வரையறை எழுதி, 1934 ஏப்ரல் 1 முதல் சாய்வு வண்டிகளைத் தன் பந்தயங்களுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பந்தயம் இல்லாத வண்டிக்குப் பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை. இன்றைக்கும் இவை சிறு பட்டறைகளின் பொருளாகவே இருக்கின்றன: நெதர்லாந்தில் ட்ரோன்டன், மிடல்பர்க், ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே கிரிஃப்டல், இங்கிலாந்தில் கார்ன்வால் கரையிலுள்ள ஃபால்மத். சாதாரண மிதிவண்டியின் சீட்டை இடுப்பெலும்பின் அகலத்தை அளந்து, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று தேர்ந்து வாங்கலாம். தலைதாங்கிக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவே இல்லை; ஒரே அளவு, ஒரே வளைவு. அதை வரைந்தவர் மனத்தில் நீண்ட கூந்தல் இருந்திருக்காது. ஆகவே இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்பேனரோடுதான் திரிகிறார்கள். தன் வண்டியில் எதையாவது தானே செய்து மாட்டாதவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். விமானப் பயணத்துக்கு வாங்கிய கழுத்துத் தலையணையைப் பழைய டியூபால் தகட்டின் மேல் வரிந்து கட்டினேன். உள்ளே இருந்தது மெமரி ஃபோம். அக்டோபரில் சுகமாகத்தான் இருந்தது. ஜனவரியில் ஒரு காலை, வெப்பநிலை 3 பாகை, வண்டி இரவு முழுக்கத் தோட்டத்துக் கொட்டகையில் நின்றிருந்தது. தலையைச் சாய்த்தால் மரக்கட்டையில் சாய்ந்தது போல இருந்தது. உடற்சூட்டில் இளகுவதற்கென்றே செய்யப்பட்ட ஃபோம், குளிரில் இறுகிவிடுகிறது. அது இளகுவதற்குள் நான் அலுவலகம் வந்து சேர்ந்துவிடுவேன்.

அடுத்ததாக எதிர்த்திசையில் போனேன். எந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும் பஞ்சு ஃபோமை 8 சென்டிமீட்டர் தடிமனுக்கு வைத்தேன். மென்மையாக இருந்தால் சுகமாக இருக்கும் என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. தார் போட்ட கால்வாய்க் கரையில் ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் நுழைந்து, சதுரக் கற்கள் பாவிய பழைய மிதிவண்டித் தடத்தில் ஏறியதும் எதிரே வரும் ஆளின் முகம் கலங்கித் தெரிந்தது. பற்கள் ஒன்றோடொன்று தட்டின. என் மகள் தன் வண்டியில் பக்கவாட்டில் வந்து, கைப்பேசியில் வேகத்தைக் குறைத்துக் காட்டும் படமாக எடுத்தாள். வீட்டில் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க தலை ஆடலை. போய்ப் போய்ப் பின்னாடி தட்டுது" என்றாள். அவள் சொன்னதே சரி. ஒவ்வொரு கல் இணைப்பிலும் ஃபோம் அமுங்கி, தலை உள்ளே போய், அடித் தகட்டில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

அளவெடுப்பது என் தொழில் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர். இங்குள்ள சதுரக் கற்கள் 30 சென்டிமீட்டர் பக்கம் உடையவை; ஆகவே வினாடிக்குப் பதினெட்டு இடி. தெருக்களில் பாவும் செங்கல் போன்ற சிறு கற்கள், அகலவாட்டில் கடக்கும்போது, 10 சென்டிமீட்டருக்கு ஓர் இணைப்பு. வினாடிக்கு 55 அதிர்வு. பார்வைக்குச் சிறு கற்கள்தான் கரடுமுரடாகத் தெரியும். என் தலைக்கோ பெரிய கற்கள்தான் பகை. விரைந்த, சிறிய அதிர்வை எந்த ஃபோமும் பெருமளவு விழுங்கிவிடும். மெதுவான, பெரிய இடியில் மென்மையான ஃபோம் சுருள்வில் போலத் தானும் சேர்ந்து குதிக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மென்மையின் மேல் எனக்கிருந்த பிடிவாதம் விட்டுப்போனது.

மூன்றாவதாக, முகாம்களில் தரையில் விரிக்கும் கெட்டியான பாயிலிருந்து 10 மில்லிமீட்டர் துண்டை வெட்டி, தகட்டில் நேரடியாக ஒட்டினேன். தட்டுவது நின்றது. ஆனால் அரைமணி நேரத்தில் பின்மண்டையில் ஒரே ஓர் இடம் விண்விண்ணென்று வலித்தது. எந்த இடம் என்று கையால் தடவிச் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் வீட்டில் கோலமாவு இருப்பது நினைவுக்கு வந்தது. மெத்தையின் மேல் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, தேநீர் வடிகட்டியால் கோலமாவை மெல்லிய படலமாகத் தூவி, எப்போதும் போலப் பின்னல் போட்டுக்கொண்டு, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். 20 சென்டிமீட்டர் அகல மெத்தையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் மாவு அழிந்து கறுப்பு தெரிந்தது. மீதி முழுவதும் தூவியபடியே வெள்ளையாகக் கிடந்தது. என் தலையின் எடை அத்தனையும் அந்த நாணயத்தின் மேல், ஒரு முடிச்சும் ஒரு எலும்பு மேடும் சேர்ந்த இடத்தில் நின்றிருக்கிறது.

அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தபோது திண்டுக்கல் வீட்டின் அடுக்களை நினைவுக்கு வந்தது. பாட்டி மண்பானையை ஒருபோதும் வெறும் தரையில் வைக்கமாட்டார். உருண்டை அடி தரையில் ஒரு புள்ளியில்தான் படும், தொட்டால் உருளும். வைக்கோல் பிரிமணையில் வைத்தால் பானையின் அடி தரையைத் தொடுவதே இல்லை. சுற்றிலும் ஒரு வளையமாக எடை இறங்கி, பானை அசையாமல் உட்கார்ந்துவிடும். பிரிமணை ஒன்றும் மென்மையான பொருள் அல்ல, இறுக்கி முறுக்கிய வைக்கோல். மண்டையும் பானையைப் போன்றதுதான். நான் அதற்குத் தரையைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே பழைய தகட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, நடுவில் ஒன்றுமில்லாத தாங்கி ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்தேன். பின்மண்டை மேட்டுக்குக் கீழே, முதுகெலும்பின் இரு பக்கமும், தசை இருக்கும் குழிவில் இரண்டு மெத்தைகள். மேடு வெளியில் நிற்கும். பின்னல் நடுவே இறங்கும். தலைக்கவசத்தின் விளிம்பு மெத்தைகளுக்கு மேலே தங்கிவிடும்.

பட்டை வளைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில். ஓய்வுபெற்ற கடைசல்காரர், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வைத்திருக்கிறார். நான் வாங்கிப்போனது 3 மில்லிமீட்டர் கெட்டி அலுமினியப் பட்டை. அதை வைஸில் கடித்துச் சுத்தியலால் அடித்துச் செங்கோணமாக வளைக்க நான் கை ஓங்கியபோதே அவர் தலையை ஆட்டினார். இருந்தும் நான் கேட்கவில்லை; மூலை கூர்மையாக இருந்தால் இருக்கையின் பின்புறம் ஒட்டி நிற்கும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, வண்டியைத் துடைக்கும்போது வளைவின் வெளிப்புறத்தில் நகம் சிக்கியது. குனிந்து பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல், பட்டையின் பாதி அகலம் வரை ஓடியிருந்தது. வெப்பமூட்டிக் கெட்டிப்படுத்திய அலுமினியத்தைக் கூர்மையாக வளைத்தால் வெளிப்புறம் இழுபட்டு அப்போதே நுண்ணிய கீறல் விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு கல் இணைப்பும் அந்தக் கீறலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். எஃகைப் போல இவ்வளவுக்குள் அதிர்ந்தால் உலோகம் களைத்து விரிசல் விடாது என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. கழுத்துக்குப் பின்னால் அது உடைந்திருந்தால் முனை எங்கே குத்தியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அடுத்த பட்டை 4 மில்லிமீட்டர், கெட்டிப்படுத்தாத வகை, 40 மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி மெதுவாக வளைத்தது. மாதம் ஒருமுறை அந்த வளைவின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். இதை யார் செய்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

இரண்டு மெத்தைகளும் தனித்தனி எம்5 (5 மில்லிமீட்டர்) போல்ட்டில் நிற்கின்றன. நைலான் வளையம் உள்ள நட் போட்டிருப்பதால் அதிர்வில் கழன்றுவிடாமல், அதேசமயம் மெத்தை தலையின் சாய்வுக்கு ஏற்ப லேசாகத் திரும்பவும் இடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். அடியில் கெட்டிப் பாயின் 10 மில்லிமீட்டர். அதன் மேல் வென்டிசிட் என்ற இருக்கை விரிப்பிலிருந்து வெட்டிய துண்டு. தேங்காய் நார் மெத்தை போலப் பின்னிய வலை என்பதால் காற்று உள்ளே ஓடும், மழைநீர் நிற்காது. அந்த வலையின் முனைகள் வெறும் கழுத்தில் உரசும், முடியையும் பிடித்து இழுக்கும். அதனால் உறை அவசியம். உலர்ந்த நாளுக்குப் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடியில் தைத்த பருத்தி உறை. மழை நாளுக்கு ஓட்டப்பயிற்சிச் சட்டையின் துணி; பருத்தி நனைந்தால் இங்கே மூன்று நாளைக்குக் காயாது.

முதலில் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர்தான் விட்டிருந்தேன். ஒரு வாரம் தொடர்ந்து மாலையில் தலைவலி வந்தது. பிடரியில் தொடங்கி உச்சி வழியாக ஏறி நெற்றிக்கு வரும் வலி. மண்டையின் அடியில் இருபுறமும் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும் நரம்புகள் இருக்கின்றன. மெத்தையின் உள்விளிம்பு அவற்றின் மேல் அழுந்தியிருக்கிறது என்று ஊகித்தேன். இடைவெளியை 4 சென்டிமீட்டர் ஆக்கி, உள்விளிம்பைச் சாணைத்தாளால் சரிவாகத் தேய்த்ததும் அந்தத் தலைவலி போய்விட்டது. மீண்டும் கோலமாவு தூவிப் பார்த்தேன். இம்முறை இரண்டு பக்கமும் வாழைப்பூ மடல் வடிவத்தில் மாவு அழிந்திருந்தது. வலது பக்கம் சற்றுப் பெரிது. நான் தலையை வலது பக்கம் சாய்த்து ஓட்டுகிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மெத்தையின் வடிவத்துக்கு ஈடாக அதன் தூரமும் முக்கியம். தலைதாங்கியை முன்னே தள்ளி வைத்தால் அது தலையை நெட்டித்தள்ளும். மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சு இறுகும். வெகு பின்னால் வைத்தால் சாய்ந்ததும் கண்ணில் வானம்தான் தெரியும். சுவரோரம் வண்டியை நிறுத்தி, மகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தெருக்கோடியிலுள்ள விளக்குக் கம்பத்தின் அடியைப் பார்த்தபடி தலையைத் தளர்த்தினேன். அந்தப் பார்வையில் மெத்தைகள் பிடரியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் போல்ட்டை முடுக்கினேன். பெரிய கற்கள் வரும்போது இப்போதும் தலையை ஒரு நூலளவு தூக்கிக்கொள்கிறேன். அந்த அரை நிமிடத்துக்குக் கழுத்துத் தசைகளே நல்ல அதிர்வுதாங்கி. மீதி வழி முழுவதும் அவை ஓய்வெடுத்திருக்கின்றன என்பதால் அந்த அரை நிமிடம் வலிப்பதில்லை.

நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இருக்கையின் பின்னால் பின்னலைத் தொங்கவிடாதீர்கள். இவ்வகை வண்டியில் பின்சக்கரம் இருக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் சுற்றுகிறது. இடைவெளியில் இறங்கும் பின்னலை நான் வலது தோளின் மேலாக முன்னே எடுத்து, மேற்சட்டைக்குள் விட்டு ஜிப் போட்டுவிடுகிறேன்.

கடைசி வேலை போன நவம்பரில்தான் முடிந்தது. குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டதும், பக்குவமாக அமைத்த தூரம் குலைந்து, தலை மறுபடி முன்னே தள்ளப்பட்டது. தொப்பியின் தடிமனை அளந்தேன். அழுத்திப் பிடித்தால் 6 மில்லிமீட்டர். பட்டையில் போல்ட் நகரும் துளையின் ஓரமாக எஃகு ஊசியால் இரண்டு கோடுகள் கீறிவைத்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவே அதே 6 மில்லிமீட்டர். முன்கோடு கோடைக்கு. தொப்பி வெளியே வரும் வாரம் கொட்டகைக்குப் போய், போல்ட்டைத் தளர்த்தி, மெத்தைகளைப் பின்கோட்டுக்கு நகர்த்தி, மறுபடி முடுக்கிவிட்டு வருகிறேன்.